பூட்டு சரி, சாவி யார் கையில்? சாப்ட்வேர் பில்டில் ரகசியங்களைக் காப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நாம் எதுவும் கேட்காமலேயே பிரவுசர் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. கம்ப்யூட்டரை நிறுத்தப் போனால், "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று ஒரு செய்தி வருகிறது. மொபைல் போனில் ஒரே இரவில் பத்து அப்ளிகேஷன்கள் புதிதாகி விடுகின்றன.

இந்த அப்டேட்டுகளை யார் அனுப்புகிறார்கள்? எழுதுவது புரோகிராமர்கள்தான். ஆனால் எழுதியதைத் தொகுத்து, சோதித்து, நிறுவனத்தின் முத்திரையைக் குத்தி, உங்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கும் வேலையை இன்று பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டரே தனியாகச் செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் கையில் சில ரகசியச் சாவிகள் இருக்கின்றன. அவை வேறு கைக்குப் போனால், திருடன் தயாரித்த சாப்ட்வேர்கூட நல்ல நிறுவனத்தின் பெயரில் உங்கள் வீட்டுக்கு வரலாம். அந்தச் சாவிகளை எங்கே வைக்க வேண்டும், எப்படிக் கையாள வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பில்ட் என்றால் என்ன?

நீங்கள் படித்துக் கொண்டிருக்கும் இந்தப் பத்திரிகையையே எடுத்துக் கொள்ளுங்கள். கட்டுரையாளர் எழுதியது அப்படியே கடைக்கு வருவதில்லை. பிழை திருத்தி, பக்கம் அமைத்து, அச்சடித்து, தைத்து, கட்டுக் கட்டாக அனுப்ப வேண்டும். சாப்ட்வேரும் அப்படித்தான். புரோகிராமர் எழுதும் வரிகளை சோர்ஸ் கோட் என்கிறோம். அதைக் கம்ப்யூட்டர் இயக்கக்கூடிய பைலாக மாற்றும் வேலைக்கு பில்ட் என்று பெயர்.

முன்பெல்லாம் புரோகிராமர் தன் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே பில்ட் செய்வார். இப்போது ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கிட்லேப் போன்ற தானியங்கி ஏற்பாடுகள் வந்து விட்டன. புரோகிராமர் தன் கோடை ரெபாசிட்டரியில், அதாவது எல்லாருடைய கோடும் சேமிக்கப்படும் பொது இடத்தில், போட்டால் போதும். உடனே ஒரு கம்ப்யூட்டர் விழித்துக் கொண்டு, பட்டியலில் உள்ள வேலைகளை ஒன்றன் பின் ஒன்றாகச் செய்து முடிக்கும். ஒரு நாளைக்கு நூறு முறை என்றாலும் சலிக்காமல் செய்யும்.

பில்டுக்கு எதற்கு ரகசியம்?

இந்த வேலைகளில் பல, பூட்டிய கதவுகளைத் திறந்தால்தான் நடக்கும். முக்கியமான நான்கைச் சொல்கிறேன்.

1. நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பிலிருந்து கோடை எடுக்க ஒரு டோக்கன் வேண்டும்.
2. சோதனைக்காக டேட்டாபேஸுடன் இணைய ஒரு பாஸ்வேர்ட் வேண்டும்.
3. "இது எங்கள் நிறுவனம் தயாரித்ததுதான்" என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட ஒரு ரகசியச் சாவி வேண்டும்.
4. தயாரான பைலை சர்வரிலோ அப்ளிகேஷன் ஸ்டோரிலோ ஏற்ற அனுமதி வேண்டும்.

நாம் பாஸ்வேர்டை மனதில் வைத்துக் கொண்டு டைப் செய்வோம். நடு இரவில் தானாக ஓடும் பில்டுக்கு யார் டைப் செய்து தருவது? ஆகவே அதை எங்காவது எழுதித்தான் வைக்க வேண்டும். எங்கே எழுதி வைப்பது என்பதுதான் கேள்வி.

கோடுக்குள்ளேயே எழுதி வைத்தால்?

பலர் செய்வது இதுதான். ஏ.டி.எம். கார்டின் பின்புறமே பின் நம்பரை எழுதி வைப்பது போன்றது இது. கார்டு யார் கைக்குப் போகிறதோ, பணமும் அவர் கைக்குப் போகும்.

டொயோட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் ஒரு அறிவிப்பை வெளியிட்டது. கார்களை இன்டர்நெட்டுடன் இணைக்கும் அதன் டி-கனெக்ட் சேவையின் கோடில் ஒரு பகுதியை, ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி போட்டு விட்டது. அந்தக் கோடுக்குள் சர்வரைத் திறக்கும் சாவியும் இருந்தது. 2022 செப்டம்பரில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள்! 2,96,019 வாடிக்கையாளர்களின் இமெயில் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. கார் வாங்கியவர்கள் செய்த தவறு இதில் எதுவும் இல்லை.

"தெரியாமல் போட்டு விட்டேன், உடனே அழித்து விட்டேன்" என்று சொல்வதும் பயன்படாது. கிட் என்ற சாப்ட்வேர்தான் பெரும்பாலான ரெபாசிட்டரிகளை நிர்வகிக்கிறது. அது ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும். இன்று ஒரு வரியை அழித்தாலும், நேற்றைய பிரதியில் அது பத்திரமாக இருக்கும். தேடுபவர்கள் அங்கேதான் முதலில் தேடுவார்கள்.

சீக்ரெட் மேனேஜர் என்ன செய்கிறது?

உங்கள் பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவே மனிதருக்குப் பதிலாகப் புரோகிராம்களுக்குச் சேவை செய்தால் அதுதான் சீக்ரெட் மேனேஜர். ஹாஷிகார்ப் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வால்ட், அமேசான் 2018-ல் தொடங்கிய ஏ.டபிள்யூ.எஸ். சீக்ரெட்ஸ் மேனேஜர் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. கிட்ஹப் போன்ற தளங்களிலும் ரகசியங்களைச் சேமிக்கத் தனி இடம் உண்டு.

இதனால் கிடைக்கும் பயன்கள் நான்கு. முதலில், ரகசியம் சங்கேத வடிவில் சேமிக்கப்படுகிறது. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக் கொண்டு போனாலும் படிக்க முடியாது. இரண்டாவது, எந்தப் புரோகிராம் எந்த ரகசியத்தைக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். மூன்றாவது, வால்ட் போன்றவற்றில் யார் எப்போது எடுத்தார்கள் என்ற குறிப்பு இருக்கும். நான்காவது, பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இதைப் படித்ததும், "அப்படியானால் பிரச்னை தீர்ந்தது" என்று தோன்றும். இல்லை. இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பெட்டகம் செய்தவருக்கே நேர்ந்தது

கோட்கவ் என்ற நிறுவனம், புரோகிராமில் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டது என்று கணக்கிட்டுச் சொல்லும். இதற்காக அது ஒரு சிறிய ஸ்கிரிப்ட் பைலை வழங்கி வந்தது. ஏராளமான நிறுவனங்கள் அந்த ஸ்கிரிப்ட்டைத் தங்கள் பில்டில் சேர்த்திருந்தன. 2021 ஜனவரி 31 முதல், யாரோ அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் நுழைந்து மாற்றம் செய்து வந்தார்கள். மாற்றப்பட்ட ஸ்கிரிப்ட் வழக்கமான வேலையையும் செய்தது. கூடவே, அந்த நேரத்தில் பில்டின் கையில் இருந்த ரகசியங்களைத் திரட்டி வேறொரு சர்வருக்கு அனுப்பியது.

இரண்டு மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1 அன்று ஒரு வாடிக்கையாளர், தான் டவுன்லோட் செய்த ஸ்கிரிப்ட்டின் சரிபார்ப்பு எண்ணும் வெளியிடப்பட்டிருந்த எண்ணும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகே விஷயம் வெளியே வந்தது.

பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வால்ட் என்ற சீக்ரெட் மேனேஜரைத் தயாரிக்கும் ஹாஷிகார்ப் நிறுவனமேதான்! தன் சாப்ட்வேர் டவுன்லோடுகள் உண்மையானவை என்று உறுதிப்படுத்தப் போடும் டிஜிட்டல் கையெழுத்தின் ரகசியச் சாவி வெளியே தெரிந்து விட்டது என்று அது அறிவித்தது. அந்தச் சாவியை யாரும் தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும், பழைய சாவியை ரத்து செய்து புதியது போட்டு விட்டதாகவும் சொன்னது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். யாரும் எந்தப் பெட்டகத்தையும் உடைக்கவில்லை. பெட்டகத்திலிருந்து எடுத்து பில்டின் கையில் கொடுத்த பிறகுதான் ரகசியம் போனது. பேங்க் லாக்கரில் நகை பத்திரமாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்குப் போட்டுக் கொண்டு பஸ்ஸில் போகும் அந்த ஒரு மணி நேரம்தான் பயம். சீக்ரெட் மேனேஜர் விஷயத்திலும் இதையே மனதில் வைக்க வேண்டும். எதை எடுக்கிறோம், யாரிடம் கொடுக்கிறோம், எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதே பாதுகாப்பு. பின்வரும் விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

பின்பற்ற வேண்டிய விதிகள்

1. வேலைக்கு ஏற்ற சாவி: எல்லா ரகசியங்களையும் மொத்தமாக பில்டிடம் கொடுத்து விடுவது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் சோதனை நடத்தும் பகுதிக்குக் கையெழுத்துச் சாவி எதற்கு? சோதனை ஒரு வேலை, வெளியீடு இன்னொரு வேலை என்று பிரித்து விடுங்கள். கையெழுத்துச் சாவியை வெளியீட்டு வேலைக்கு மட்டும், அதிலும் கையெழுத்துப் போடும் படிக்கு மட்டும் கொடுங்கள். பேங்க் லாக்கரைத் திறக்க உங்கள் சாவியோடு பேங்க்கின் சாவியும் வேண்டும் அல்லவா? அதுபோல, வெளியீட்டு வேலை ஒரு மனிதரின் ஒப்புதல் கிடைத்த பிறகே தொடங்கும்படி அமைக்கும் வசதியும் உள்ளது.

2. நிரந்தரச் சாவிக்குப் பதில் தற்காலிகச் சாவி: பெட்டகத்தைத் திறக்க பில்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் வேண்டுமே, அதை எங்கே வைப்பது என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதையும் எங்காவது எழுதி வைத்தால் பழைய கதைதான். இதற்கு ஓ.ஐ.டி.சி. என்ற முறை உள்ளது. பில்ட் தொடங்கும்போது, "இது இன்ன ரெபாசிட்டரியின் இன்ன கிளையில் நடக்கும் வேலை" என்று கிட்ஹப் போன்ற தளம் ஒரு அடையாளச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தரும். பில்ட் அந்தச் சீட்டைப் பெட்டகத்திடம் காட்டும். பெட்டகம் கையெழுத்தைச் சரிபார்த்து, சிறிது நேரத்துக்கு மட்டும் செல்லும் சாவியைக் கொடுக்கும். பேங்க் உங்கள் மொபைலுக்கு அனுப்பும் ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகி விடுகிறதே, அதே யோசனைதான். திருடன் கைக்குப் போனாலும் பிறகு அது வெறும் எழுத்துக்கள்தான். ஒரு எச்சரிக்கை: சீட்டு கிட்ஹப்பில் இருந்து வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். அது நம் ரெபாசிட்டரியின் சீட்டுதானா, எந்தக் கிளை என்பதையும் பெட்டகம் பார்க்கும்படி அமைக்க வேண்டும்.

3. லாக் பைலில் கவனம்: பில்ட் ஒவ்வொரு படியிலும் என்ன செய்தது என்று லாக் பைலில் எழுதும். பிழை தேடும் அவசரத்தில் சிலர் ரகசியத்தையே அதில் அச்சிட்டுப் பார்ப்பார்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தனக்குத் தெரிந்த ரகசியம் லாகில் வந்தால் அதன் இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகளைப் போட்டு மறைத்து விடும். ஆனால் அதே ரகசியம் வேறு வடிவில் வந்தால் அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம். உதாரணமாக, பேஸ்64 என்ற முறையில் மாற்றி எழுதினால் மறைக்கும் வசதியை ஏமாற்ற முடியும். பேஸ்64 என்பது பூட்டு அல்ல. எழுதும் முறை மட்டுமே. யார் வேண்டுமானாலும் நொடியில் பழையபடி மாற்றி விடலாம்.

4. பிறர் எழுதிய கருவிகள்: எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. பிறர் செய்து வைத்த கருவிகளை பில்டில் சேர்த்துக் கொள்கிறோம். 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட ரெபாசிட்டரிகள் பயன்படுத்தி வந்த ஒரு கருவி இப்படித்தான் மாற்றப்பட்டது. மாற்றப்பட்ட பில்ட் கருவி, கம்ப்யூட்டரின் மெமரியில் இருந்த ரகசியங்களை எடுத்து, இரண்டு முறை பேஸ்64 செய்து லாக் பைலில் எழுதியது. லாக் பைல் பொதுவில் இருந்த இடங்களில் எல்லாரும் படிக்கும் நிலை ஏற்பட்டது. பலர் அந்தக் கருவியை "வெர்ஷன் இத்தனை" என்று பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெயர்ச்சீட்டைக் கழற்றி வேறு கோடில் ஒட்டி விட முடியும். அதற்குப் பதிலாக, அந்தக் கோடுக்கே உரிய 40 எழுத்து அடையாள எண்ணைக் குறிப்பிட்டிருந்தவர்களுக்கு, பழைய நல்ல கோடே வந்து கொண்டிருந்தது. அடையாள எண்ணைக் குறிப்பிடுவதே நல்ல பழக்கம்.

5. வெளியாரின் கோட்: பொது ரெபாசிட்டரியில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைச் சோதிக்க பில்ட் ஓடும். திருத்தத்துக்குள்ளேயே "ரகசியங்களை எனக்கு அனுப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தால்? இதற்காகவே, வெளியார் அனுப்பும் திருத்தங்களுக்கு ஓடும் சாதாரண பில்டுக்கு கிட்ஹப் நம் ரகசியங்களைக் கொடுப்பதில்லை. இந்தத் தடையைச் சுற்றிப் போகச் சில வழிகள் உண்டு. பில்ட் சரியாக ஓடவில்லை என்பதற்காக, புரியாமல் அந்த வழிகளைப் பயன்படுத்தாதீர்கள்.

6. தயாரான பைலுக்குள் ரகசியம் தங்கக் கூடாது: சமையல் முடிந்ததும் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டு மூடுவது போல, பில்ட் பயன்படுத்திய ரகசியம் தயாரான பைலுக்குள்ளேயே சில சமயம் தங்கி விடும். டாக்கர் என்ற சாப்ட்வேரில் பில்டின்போது கொடுக்கும் ஆர்க்யுமென்ட்டுகள் தயாரான இமேஜின் வரலாற்றில் பதிவாகி விடும். இமேஜை வாங்குபவர் அதைப் படிக்கலாம். ரகசியங்களுக்கென்று டாக்கரில் தனி வழி இருக்கிறது. அதையே பயன்படுத்த வேண்டும். மொபைல் அப்ளிகேஷனுக்குள் வைத்த சாவியும் இப்படித்தான். அப்ளிகேஷனைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது கிடைத்து விடும்.

கசிந்து விட்டால் என்ன செய்வது?

சந்தேகம் வந்த உடனே செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பழைய சாவியை ரத்து செய்யுங்கள். அடுத்து புதிய சாவியைப் பெட்டகத்தில் வையுங்கள். மூன்றாவதாக, பழைய சாவியை யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்று பதிவுகளைப் பாருங்கள். ரெபாசிட்டரியைச் சுத்தம் செய்வது கடைசி வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டைத்தான் முதலில் மாற்றுவோம். தெருவைக் கூட்டிக் கொண்டிருக்க மாட்டோம்.

2023 ஜனவரி 4 அன்று, பில்ட் சேவை வழங்கும் சர்க்கிள்சிஐ நிறுவனம், தன்னிடம் சேமித்த எல்லா ரகசியங்களையும் உடனே மாற்றி விடுமாறு தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக் கொண்டது. அதன் என்ஜினியர் ஒருவரின் லேப்டாப்பில் முந்தைய டிசம்பரில் தீய புரோகிராம் ஒன்று நுழைந்திருந்தது. ஆன்ட்டி வைரஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருந்த நிலையை அது திருடியதால், இரண்டடுக்குப் பாதுகாப்பும் தடுக்கவில்லை. தகவல்கள் சங்கேத வடிவில்தான் சேமிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஓடிக் கொண்டிருந்த புரோகிராமிலிருந்து சங்கேதத்தைத் திறக்கும் சாவியையும் எடுத்து விட்டார்கள்.

அன்று எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு மாற்றும் வேலை சுலபம். பட்டியல் இல்லாதவர்கள் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே ஆபத்து வரும் வரை காத்திருக்காமல், சாவிகளை அவ்வப்போது மாற்றிப் பழக வேண்டும். எங்கள் வேலையில், ஒரு சாவியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாலே அந்தக் குழுவின் நிலை தெரிந்து விடும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

நான் பில்ட் எதுவும் செய்வதில்லையே என்பவர்கள் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சாப்ட்வேரை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ முறையான ஸ்டோரிலிருந்தோ மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது, தயாரிப்பாளர் யார் என்று தெரியவில்லை என விண்டோஸ் எச்சரித்தால் அவசரமாக "யெஸ்" கொடுக்காதீர்கள். அப்டேட்டுகளைத் தள்ளிப் போடாதீர்கள். கசிந்த கையெழுத்துச் சாவியை ஒரு நிறுவனம் மாற்றினால், அந்த மாற்றமும் அப்டேட் வழியாகத்தான் உங்களிடம் வந்து சேரும்.

புரோகிராமிங் கற்கத் தொடங்கியிருக்கும் கல்லூரி மாணவர் வீட்டில் இருக்கலாம். அவருக்கு இதைச் சொல்லுங்கள். சாவிகளைக் கோடில் எழுதாமல் தனி பைலில் வைத்து, அந்த பைலை ரெபாசிட்டரியில் சேர்க்க வேண்டாம் என்று கிட்டுக்கு முதல் நாளே சொல்லி விட வேண்டும். தானாக ஓடும் பில்டுக்குச் சாவி தேவைப்பட்டால், ரெபாசிட்டரியின் செட்டிங்ஸ் பகுதியில் சீக்ரெட்ஸ் என்ற பிரிவில் சேமிக்கலாம்; கட்டணம் இல்லை. சேமித்த பிறகு அங்கே அதன் மதிப்பை உங்களாலேயே திரும்பப் பார்க்க முடியாது. புதிதாக மாற்ற மட்டுமே முடியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். பொது ரெபாசிட்டரிக்குள் தெரிந்த வடிவிலான சாவியைப் போட முயன்றால், 2024 முதல் கிட்ஹப் தானாகவே தடுத்து எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாமல் நின்று படியுங்கள்.

சீக்ரெட் மேனேஜர் கட்டாயம் தேவை. ஆனால் அதை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று இருந்து விடக் கூடாது. தேவையான சாவியை, தேவையான வேலைக்கு, தேவையான நேரம் மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் அது செல்லாமல் போகட்டும். அப்படி இருந்தால் இடையில் யார் பறித்தாலும், அதன் நேரம் முடிந்த பிறகு அவர்களால் அதைக் கொண்டு எந்தக் கதவையும் திறக்க முடியாது.